எக்கணிப்பான் நன்று?

கருவியின் துணையின்றி மாந்தர் ஆற்றும் வினைகள் மிகச் சிலவே. உழவனுக்கு ஏரும், தச்சனுக்கு உளியும், நெசவாளனுக்குத் தறியும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாத கருவிகள் கல்வித்துறையிலும் காலந்தோறும் தோன்றி வழங்கிவந்துள்ளன. மணலும் விரலும், ஏடும் எழுத்தாணியும், பலகையும் பலப்பமும், தாளும் பேனாவும் என அவற்றின் வரிசை நீளும். புதியதொரு கருவி வகுப்பறையுள் நுழையுந்தோறும், “இது மாணாக்கர்க்கு நன்மை பயக்குமா, தீமை பயக்குமா?” என்னும் வினா எழுதலும், இரு திறத்தாரும் தத்தம் கட்சியை உரத்துப் பேசுதலும் உலகியல்பு. அத்தகைய வினாக்களுள் ஒன்று, பள்ளிக் கணித வகுப்பிற்கு வரைபடக் கணிப்பானைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. அதனை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

“இலக்கியம் பயில்வோர்க்குக் கணிதக் கருவியைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு?” என்று நண்பர் சிலர் நகைக்கலாம். அவர்க்கு ஒரு சொல். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் யாப்பிலக்கணம் பயிலும் நாங்கள், வெண்பாவொன்றைக் கையிலெடுத்து, அசை பிரித்து, சீர் கண்டு, தளை பார்த்து அலகிட்டுப் பழகுகின்றோம். அவ்வேலையை நொடிப்பொழுதில் முடித்துக் காட்டும் கணினி நிரல்களும் இன்று உள. அங்ஙனமாயின், பொறி செய்யவல்லதொன்றை மாணாக்கர் ஏன் தம் கையால் செய்து பழகவேண்டும் என்னும் வினா, கணிதம் பயில்வோர்க்கு மட்டுமன்றி எங்கட்கும் உரியதேயாகும். இனி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவாம்.

வரைபடக் கணிப்பான் என்பது யாது? கூட்டல் கழித்தல் முதலிய நால்வகைச் செய்கைகளையும், சைன், கொசைன், மடக்கை முதலியவற்றையும் கணக்கிடுவதோடு நில்லாது, ஒரு சார்பினை உள்ளிட்டால் அதன் வரைபடத்தைச் சிறு திரையில் வரைந்து காட்டும் கைக்கருவி அது. பொறியியலார் கையில் நெடுங்காலம் விளங்கிய ‘ஸ்லைடு ரூல்’ என்னும் நகரும் கணக்குக்கோலை, 1972-இல் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் வெளியிட்ட எச்.பி.-35 என்னும் சட்டைப்பைக் கணிப்பான் வழக்கொழியச் செய்தது. அதன் விலை அந்நாளில் 395 டாலர். பின்னர் 1985-இல், வரைபடம் வரையும் முதற் கைக்கணிப்பானாகிய எப்.எக்ஸ்.-7000ஜி என்பதனை ஜப்பானிய நிறுவனமாகிய காசியோ வெளியிட்டது. 1990-இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.ஐ.-81 என்னும் கருவியைக் கொணர்ந்தது. இக்கருவி பள்ளி மாணாக்கரையே கருத்திற்கொண்டு அமைக்கப்பெற்றது. அதன் அமைப்பில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர்களாகிய பிராங்க் டெமானா, பெர்ட் வெயிட்ஸ் ஆகிய இருவரின் ஆலோசனையும் கலந்திருந்தது.

இக்கருவியைப் பள்ளிதோறும் பரப்பியது விளம்பரம் மட்டுமன்று. தேர்வு விதியே என்க. அமெரிக்க நாட்டில் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ எனப்படும் நுண்கணிதத் தேர்வு, 1995 முதல் வரைபடக் கணிப்பானை இன்றியமையாததாக ஆக்கிற்று. அத்தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு, மாணாக்கர் கொணரும் கருவி நான்கு செயல்களைச் செய்யவல்லதாதல் வேண்டும் என்று வகுத்துள்ளது. வேண்டும் எல்லைக்குள் வரைபடம் வரைதல், சார்பு சுழியாகும் இடங்களைக் காணுதல், வகைக்கெழுவின் எண்மதிப்பைக் காணுதல், வரையறுத்த தொகையீட்டின் எண்மதிப்பைக் காணுதல் என்பனவே அந்நான்கு. சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் புகுவதற்கு முன் எழுதும் மேனிலைத் தேர்வில், எச்-2 கணித வினாத்தாள்கள் மாணாக்கர் ஒவ்வொருவரிடமும் இக்கருவி உண்டு என்னும் எண்ணத்துடனேயே அமைக்கப்படுகின்றன. அந்நாட்டுத் தமிழ் மாணாக்கரும் அத்தேர்வையே எழுதுகின்றனர். ‘இன்டர்நேஷனல் பாக்கலோரியட்’ பாடத்திட்டத்தைக் கைக்கொண்ட பள்ளிகள் சென்னையிலும் உள. அவற்றில் பயில்வோர்க்கும் இது வேண்டப்படுகின்றது. நம் நாட்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் கணிதத் தேர்விலோ மாணாக்கர் பொதுவாகக் கணிப்பான் கொண்டுசெல்லுதல் இல்லை. ஆகவே நம்முள் பெரும்பாலார்க்கு இது வெளியூர்ச் செய்தி. எனினும், பிறர் முப்பதாண்டு நடந்த வழியை நோக்கி அறிவு பெறுதல், அவ்வழியில் நாம் கால்வைக்கும் நாளில் பெரிதும் உதவுமன்றோ?

கருவியைத் தேர்வோர் முதற்கண் நோக்கற்பாலது தேர்வு விதியாகும். இது மிக எளிய செய்தியாயினும், இதனை மறந்து பொருளிழந்தோர் பலராவர். கணிப்பான்களுள் சில எண்களை மட்டுமே கையாளுவன. வேறு சில, எழுத்துக்களாலமைந்த இயற்கணிதக் கோவைகளையே விரித்தும் காரணிப்படுத்தியும் விடை கூறுவன. பின்னையவற்றுள் 1995-இல் வந்த டி.ஐ.-92, 1998-இல் வந்த டி.ஐ.-89, 2013-இல் வந்த எச்.பி. பிரைம் என்பன பெயர்பெற்றவை. இவற்றுள் டி.ஐ.-89 என்பதனை மேற்கூறிய நுண்கணிதத் தேர்வு ஏற்கின்றது. அதே நாட்டின் ஏ.சி.டி. என்னும் நுழைவுத்தேர்வு விலக்குகின்றது. டி.ஐ.-92-இலோ தட்டச்சுப் பொறியிற் போன்ற எழுத்து விசைகள் அமைந்திருந்தமையால், வேறு தேர்வுகளும் அதனை வாயிலிலேயே நிறுத்தின. சிங்கப்பூரில் இயற்கணித ஆற்றல் உடைய கருவிக்கு இடமில்லை. ஒப்புதல் பெற்ற கருவியையும் அதன் நினைவகத்தைத் துடைத்த பின்னரே தேர்வில் பயன்படுத்தல் வேண்டும். ஆகவே, “ஆற்றல் மிகுந்ததே நன்று” என்று கருதி விலையுயர்ந்த கருவியை வாங்கிய மாணாக்கன், தேர்வு நாளன்று வெறுங்கையுடன் அமர நேரிடலாம். பந்திக்கு ஏலாத பாத்திரம் பொன்னாலாயினும் பயன் யாது?

இரண்டாவது நோக்கற்பாலது விலையும், அவ்விலையை யார் கொடுப்பது என்பதுமாகும். இப்பொருளில் இதுவே தலையாயது என்பது எம் கருத்து. ஆதலின் இதனைச் சற்று விரித்துரைப்பாம்.

1985-இல் வந்த காசியோவின் முதற்கருவியின் திரையில் அகலத்தில் 96, உயரத்தில் 64 ஆகப் புள்ளிகள் இருந்தன. 2004-இல் வெளிவந்து அமெரிக்கப் பள்ளிகளில் பெருவழக்குப் பெற்ற டி.ஐ.-84 பிளஸ் என்னும் கருவியின் திரையிலும் அதே 96, அதே 64. அதன் மூளையாக அமைந்ததோ 1976-இல் வெளிவந்த ஸெட்-80 என்னும் செயலியின் வழிவந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் கணினியும் தொலைபேசியும் எத்துணை மாறின! அவற்றின் திரைகள் வண்ணம் பெற்றன; நினைவகங்கள் பல்லாயிர மடங்கு பெருகின; விலையோ வீழ்ந்தது. இக்கருவி மட்டும் ஏறத்தாழ நின்றவிடத்திலேயே நின்று, நூறு டாலருக்கு மேற்பட்ட விலையையும் விடாது காத்துக்கொண்டது. 2015-இல் வந்த டி.ஐ.-84 பிளஸ் சி.இ. வண்ணத்திரை பெற்றது, ஆயினும் விலை இறங்கிற்றில்லை.

இதற்குக் காரணம் யாது? வாங்குவோன் ஒருவன், தேர்வோன் மற்றொருவன் என்பதே. சந்தையில் கத்தரிக்காய் வாங்குவோன் தானே பார்த்து, தானே பேரம் பேசி, தானே காசு கொடுக்கின்றான். ஒரு கடையில் விலை மிகுந்தால் மறு கடைக்குச் செல்கின்றான். கணிப்பான் செய்தி அத்தன்மையதன்று. விதி செய்வது தேர்வுக்குழு. “இக்கருவியே வேண்டும்” என்று குறித்தனுப்புவது பள்ளி. இவ்விசையை அழுத்துக, அவ்விசையை அழுத்துக என்று படிப்படியாகக் கற்பிக்கும் பாடநூல் ஒரு குறிப்பிட்ட கருவிக்கே எழுதப்பட்டுள்ளது. ஆசிரியரும் அக்கருவியிலேயே பயிற்சி பெற்றுள்ளார். காசு கொடுப்பவரோ பெற்றோர். அவர்க்குத் தெரிவென்பதே இல்லை. மருத்துவன் எழுதித் தந்த மருந்தை நோயாளி வாங்குதல் போல, எழுதித் தந்த பெயரைக் கடையிற் காட்டி வாங்கிவருதலே அவர் செய்யத்தக்கது. இந்நிலையில் விலை ஏன் இறங்கும்?

செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டன்று. தாய் ஒருத்தியே உழைத்து மூன்று மக்களைப் படிக்கவைக்கும் வீட்டை எண்ணிப்பார்மின். அங்கே ஒரு கணிப்பானின் விலை பல நாள் உணவின் விலையாகும். அப்பிள்ளை வகுப்பில் அண்டையிலிருப்பவன் கருவியை எட்டிப்பார்த்துப் பயின்று, தேர்வுக்கு முன்னாள் எவரிடமேனும் இரவல் கேட்கும். இரவல் கருவியில் விசைகள் எங்கெங்கு உள்ளன என்று தேடுவதிலேயே தேர்வின் நிமிடங்கள் கழியும். விடைத்தாளைத் திருத்துவோர் கண்ணுக்கு அது கணித அறிவின் குறையாகத் தோன்றுமேயன்றி, காசின் குறையாகத் தோன்றாது. அறிவை அளக்க வைத்த அளவுகோல் பொருளை அளப்பதாக முடியுமாயின், அதனை நேரிய தேர்வு என்று எங்ஙனம் கூறுதும்?

“இப்போது அக்குறை நீங்கிற்று, இலவசமாகக் கிடைக்கும் கணினி நிரல்கள் வந்துவிட்டனவே” என்பர் சிலர். அஃது ஓரளவு உண்மையே. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பார் 2001-இல் தொடங்கிய ஜியோஜீப்ராவும், அமெரிக்காவில் 2011-இல் தோன்றிய டெஸ்மாஸும், கைக்கருவி வரைவதினும் தெளிவான வரைபடங்களை மாணாக்கர்க்கு விலையின்றிக் காட்டுகின்றன. எஸ்.ஏ.டி. என்னும் நுழைவுத்தேர்வு 2023-இல் பிற நாடுகளிலும், 2024-இல் அமெரிக்காவிலும் கணினித்திரைக்கு மாறியபோது, டெஸ்மாஸ் கணிப்பான் வினாத்தாளின் பக்கத்திலேயே அமைக்கப்பெற்றது. மாணாக்கர் தம் கருவியைக் கொண்டுவரலாம்; கொண்டுவாராதவரும் குறைபடார். 2025 முதல் மேற்கூறிய நுண்கணிதத் தேர்விலும் இவ்வசதி ஏற்பட்டுள்ளது. அனைவர்க்கும் ஒரே கருவி, அதுவும் தேர்வு மன்றத்திலேயே வழங்கப்பெறும் கருவி என்னும் இவ்வேற்பாடு, முப்பதாண்டு நிலவிய ஒரு குறையைக் களைதற்குரிய நல்வழியாகும்; அதனை மனமாரப் போற்றுகின்றோம்.

எனினும், தாளில் எழுதும் தேர்வுகள் இன்னும் உள. அவற்றில் தொலைபேசிக்கும் கணினிக்கும் இடமில்லை. கைக்கருவி வேண்டுமென்று அவை கேட்கும் வரை, அதனைத் தேர்வதும் வாங்குவதும் ஒழியா. வாங்கியே தீரவேண்டுமெனின், பெயர் பெற்ற ஒரே கருவியின்மேல் கண்வைத்தல் வேண்டுவதன்று. காசியோ 2020-இல் வெளியிட்ட எப்.எக்ஸ்.-9750ஜி-III போன்ற கருவிகள், பள்ளிக்கணிதம் வேண்டுவன அனைத்தையும் மிகக் குறைந்த விலையில் செய்கின்றன. பிரெஞ்சு நாட்டு நிறுவனமாகிய நம்வொர்க்ஸ் 2017-இல் வெளியிட்ட கருவியும், பின்னங்களையும் மூலங்களையும் பாடநூலிற் காணுமாறே காட்டி, எளிதில் கற்கத்தக்கதாய் விளங்குகின்றது. ஒப்புதல் பெற்றவற்றின் பட்டியலில் பெயர் இருப்பின், மலிந்த விலையுடையதே சிறந்தது என்பது எம் முடிவு.

மின்கலத்தின் செய்தியும் சிறிது கூறற்பாலது. டி.ஐ.-84 பிளஸும் மேற்கூறிய காசியோ கருவியும் கடையில் கிடைக்கும் சிறு மின்கலங்கள் நான்கினால் இயங்குவன; புதியனவாய் வந்த வண்ணத்திரைக் கருவிகளுட் பல மின்னேற்றம் செய்யவேண்டுவன. ஒரு மாணாக்கன் தன் வீட்டில் வைத்துக்கொள்வதற்குப் பின்னையது வசதியே. நாற்பது கருவிகளைப் பேழையில் வைத்து வகுப்புதோறும் வழங்கும் பள்ளிக்கோ, இரவில் எதனை மின்னேற்றினோம், எதனை விட்டோம் என்று காவல் காப்பது பெருந்தொல்லையாகும். மின்கலம் ஓய்ந்தால் மாற்றிக்கொள்ளும் கருவியே அங்கு நன்று.

மூன்றாவது நோக்கற்பாலது, கருவி மாணாக்கர் அறிவுக்குச் செய்வது என்ன என்பதாகும். இதனை இரண்டு எடுத்துக்காட்டுக்களால் விளக்குவாம். கிடைத்தூரத்தை ‘அ’ என்று கொள்வோம். அ² − 40அ + 384 என்னும் இருபடிச் சார்பை ஒரு மாணாக்கன் கருவியில் உள்ளிட்டு, வரைக என்று பணிக்கின்றான். பொதுவாக வைக்கப்படும் திரையெல்லை இரு அச்சுக்களிலும் −10 முதல் 10 வரை. திரையில் அச்சுக்கள் மட்டும் தோன்றுகின்றன, வளைவரையைக் காணோம். “இச்சார்பு எங்கும் சுழியாவதில்லை” என்று எழுதிவிடுகின்றான். ஆனால் அக்கோவையைச் சற்று நோக்கியவன், அது (அ − 16), (அ − 24) என்னும் இரண்டின் பெருக்கம் என்று கண்டு, 16, 24 என்னும் ஈரிடங்களில் சுழியாகும் என்று கூறுவான். வளைவரை எங்கும் ஓடி ஒளியவில்லை. திரைக்கு வெளியே நின்றது. சன்னல் வழியே தெரியாத ஊரை இல்லாத ஊர் என்பார் உண்டோ?

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் வியக்கத்தக்கது. டி.ஐ.-84 பிளஸ் கருவியில் வரைபடத்திற்குப் பயன்படும் புள்ளி நிரல்கள் 95. கிடையச்சின் எல்லையை −360 பாகை முதல் 360 பாகை வரை அமைத்தால், 720 பாகை 94 சம இடைவெளிகளாகப் பிரியும். இனி, கோணத்தின் 48 மடங்கிற்குரிய சைனை வரையுமாறு பணிப்பின், திரையில் தோன்றுவது கோணத்தின் சைனேயாகும்! அடுத்தடுத்த நிரல்களுக்கு இடையேயுள்ள கோணத்தின் 47 மடங்கு சரியாக 360 பாகை, அதாவது ஒரு முழுச்சுற்று. முழுச்சுற்று சைனின் மதிப்பை மாற்றாது. ஆதலின், 48 மடங்கின் சைனும் ஒரு மடங்கின் சைனும் அந்த 95 இடங்களிலும் வேறுபாடின்றி ஒத்து நிற்கின்றன. 96 அலைகள் நெருங்கி எழவேண்டிய இடத்தில் 2 அலைகள் மட்டும் அமைதியாகத் தவழ்கின்றன. கருவி பொய் கூறிற்றா? இல்லை, கேட்ட இடங்களிலெல்லாம் சரியான மதிப்பையே கூறிற்று. இடையில் நிகழ்ந்ததை அது காணவில்லை. காணவில்லை என்பதைக் கூறவும் அதற்குத் தெரியாது. புள்ளிகள் மிகுந்த திரையிலோ, 48 என்னும் எண் வேறாக மாறுமேயன்றி இம்மயக்கம் ஒழியாது. இதனை ஐயுற வல்லது மாணாக்கன் அறிவொன்றே.

“அங்ஙனமாயின் இக்கருவியைப் பள்ளியிலிருந்தே விலக்குக” என்று கூறுவாரும் உளர். அவரோடும் யாம் உடன்பட இயலவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை உருப்போட்ட நம் முன்னோரின் மனக்கணக்குத் திறன் போற்றற்குரியதே. ஆயினும், 1614-இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கை, கணக்கிடும் உழைப்பைக் குறைத்தமையால் வானநூலாரின் வாழ்நாள் இருமடங்காயிற்று என்று போற்றப்பெற்றதையும் நாம் நினைத்தல் வேண்டும். உழைப்பைக் குறைக்கும் கருவி, அறிவு செல்லும் எல்லையை விரிக்கவும் கூடும். ஒரு கோணத்தின் கொசைன், ரேடியனில் அளந்த அக்கோணத்திற்கே சமமாவது எப்போது? பள்ளிக்கணிதத்தில் இதற்குச் சூத்திரம் இல்லை. கொசைனின் வளைவரையையும் மூலைவிட்ட நேர்கோட்டையும் ஒரே திரையில் வரைந்தால், அவை ஓரிடத்தில் மட்டும் வெட்டிக்கொள்வதைக் காணலாம்; அவ்விடம் ஏறத்தாழ 0.739. சூத்திரம் இல்லாத இடத்திலும் விடை உண்டு என்னும் உண்மையைப் பதினாறு வயதுச் சிறுவனுக்கு ஒரு கணத்தில் உணர்த்தும் கருவியை எங்ஙனம் இகழ்தல் கூடும்?

ஆகவே குறை கருவியின்பாலதன்று. அதனைக் கையாளும் முறையின்பாலது. சிங்கப்பூர்த் தேர்வில் ஓர் நல்விதி உண்டு. செய்முறையைக் காட்டுக என்று வினா வேண்டுமிடத்தில், மாணாக்கர் அதனைக் கணிதக் குறியீடுகளாலேயே எழுதுதல் வேண்டும்; இன்ன விசையை அழுத்தினேன் என்று கருவியின் கட்டளைகளை எழுதுதல் ஏலாது. ‘இன்டர்நேஷனல் பாக்கலோரியட்’ பகுப்பாய்வுக் கணிதத்தில் முதல் வினாத்தாள் கருவியின்றியும், இரண்டாவது கருவியோடும் எழுதப்பெறுகின்றது. அமெரிக்க நுண்கணிதத் தேர்வும் கருவியுள்ள பகுதி, கருவியில்லாத பகுதி என இரண்டாகப் பிரிந்துள்ளது. கருவியைப் பயன்படுத்தவும் தெரிதல் வேண்டும். அதனை மூடிவைத்தும் நிற்றல் வேண்டும் என்பதே இவற்றின் கருத்து. இதுவே சான்றோர் கொள்ளத்தக்க நடுநிலை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குதல் என்னும் பழமொழி, வரைபடத்தைத் தானே எண்ணிப் பாராது திரையை மட்டும் நம்புவோர்க்கு மிகவும் பொருந்தும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிவுகளைத் தொகுத்துரைப்பாம். முதலாவது, எழுதவேண்டிய தேர்வின் விதியைப் படித்த பின்னரே கருவியைத் தேர்க. இரண்டாவது, விதி வேண்டும் செயல்களைச் செய்யும் கருவிகளுள் எளியதையும் விலை குறைந்ததையும் கொள்க. வேண்டாத ஆற்றலுக்குப் பொருள் செலவிடற்க. மூன்றாவது, ஒரு வகுப்பிற்கு ஒரே வகைக் கருவி இருத்தல் நலம். அக்கருவிகளைப் பள்ளியே வாங்கி, நூலகம் நூல் வழங்குவதுபோல ஆண்டு முழுமைக்கும் மாணாக்கர்க்கு இரவலாக வழங்குக. மேல்வகுப்பு முடித்துச் செல்வோர் தம் கருவியைப் பள்ளிக்கே விட்டுச்செல்லின், சில்லாண்டுகளில் பேழை நிறையும். நான்காவது, எந்த வரைபடத்தையும் கருவியில் வரையுமுன், அது எவ்வடிவினதாய் இருக்கும், அச்சுக்களை எங்கெங்கு வெட்டும் என்று தாளில் கையால் ஒரு கோட்டுருவம் வரைந்து வைத்துக்கொள்க. திரையும் தாளும் ஒத்தால் மகிழ்க. ஒவ்வாவிடின், இரண்டில் எது பிழைத்தது என்று ஆராய்க. கணிதக் கல்வி தொடங்குவது அவ்வாராய்ச்சியிலேதான்.

இவற்றுள் மூன்றாவதனை மீண்டும் வலியுறுத்த விரும்புகின்றோம். தேர்வில் இன்ன கருவி வேண்டும் என்று விதிக்கும் உரிமை ஒரு குழுவிற்கு உண்டாயின், அக்கருவியை வறிய மாணாக்கன் கையிற் சேர்ப்பிக்கும் கடமையும் எவர்க்கேனும் உண்டாதல் வேண்டும். விதி செய்வோர் ஒருபுறமும் விலை கொடுப்போர் மறுபுறமுமாக நிற்க, இடையில் ஓர் இளைஞனின் கணித ஆர்வம் வாடுமாயின், அது எந்நாட்டிற்கும் இழப்பேயாகும். நம் நாட்டுப் பள்ளித் தேர்வுகளிலும் இத்தகைய கருவிகள் ஒருநாள் இடம்பெறக்கூடும். அந்நாள் வருமுன்னரே, “எக்கணிப்பான் நன்று?” என்னும் வினாவிற்கு விடையை வகுத்துக்கொள்வோமாக. வகுப்பிலுள்ள மிக வறிய மாணாக்கன் கையிலும் இருப்பது எதுவோ, மூடிவைத்த பின்னும் அவன் அறிவில் ஒளியை விட்டுச் செல்வது எதுவோ, அக்கணிப்பானே நன்று.